வாசகர் கேள்வி – பதில்: நீதிபதியின் அறையில் முதல் மாதங்கள்

இம்மாதம் வந்த கடிதங்களுள் மூன்று நீதிமன்றப் பணியைப் பற்றியவை. ஒன்று புதிதாகப் பணியில் சேர்ந்தவர் எழுதியது. இன்னொன்று அத்தகைய ஒருவரின் தந்தை எழுதியது. மூன்றாவது, அப்பணிக்குப் போக விரும்பும் மாணவருடையது. நீதிமன்றப் பதிவகத்திலும் பின்னர் வழக்கறிஞராகவும் பணியாற்றியவள் என்ற முறையில், இம்முறை இம்மூன்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். பினாங்கில் ஒன்பது மாதப் பயிற்சியை முடித்து வழக்கறிஞராகப் பதிவு பெற்றேன். அண்மையில் புத்ராஜெயாவில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் ஆய்வு அதிகாரியாகச் சேர்ந்து, செந்தூலில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ரயிலில் போய் வருகிறேன். பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படித்தவள்தான். ஆனால் இங்கே ஒரு மேல்முறையீட்டைத் திறந்தால் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த முதல் குறிப்பு, பக்கம் முழுவதும் திருத்தங்களோடு திரும்பி வந்தது. ‘சாட்சி இதை எந்தப் பக்கத்தில் சொல்கிறார்?’ என்று யாங் ஆரிஃப் (நீதிபதி) கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உடன் சேர்ந்தவர்கள் எல்லாரும் எளிதாகச் செய்வதுபோல் தெரிகிறது. இந்த வேலைக்கு நான் தகுதியானவள்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல்

பதில்: அன்பு மகளுக்கு வணக்கம். தகுதி பற்றிய ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதுவரை நீங்கள் பெற்ற பயிற்சிக்கும் இப்போது உங்களிடம் கேட்கப்படும் வேலைக்கும் இடையே உள்ள தூரமே உங்களைத் திணற வைக்கிறது. அந்தத் தூரம் உங்கள் அறிவின் குறையால் வந்ததன்று. பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு வழக்கின் நிகழ்வுகளை அரைப் பக்கத்தில் சுருக்கி, அவற்றில் எந்த ஐயத்துக்கும் இடமில்லாதபடி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று சொன்னால் போதும். பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். அவருக்குச் சாதகமானதைத் தேடி எடுக்கக் கற்றுக்கொண்டீர்கள். இப்போதோ நிகழ்வுகள் ஆயிரம் பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன, இரு தரப்பும் அவற்றை வேறு வேறாகச் சொல்கின்றன, நீங்கள் எந்தத் தரப்புக்கும் உரியவர் அல்லர். இத்தகைய வாசிப்பை எந்தப் பாடத்திட்டமும் முறையாகச் சொல்லித் தருவதில்லை. உங்களுடன் சேர்ந்தவர்களும் அதை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

யாங் ஆரிஃப் கேட்ட கேள்வியைக் கண்டனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அந்த வேலையின் சாரத்தையே அவர் உங்களுக்குக் காட்டியிருக்கிறார். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு மேல்முறையீட்டை விசாரிக்கும்போது, புதிதாகச் சாட்சிகளை அழைத்துக் கேட்பதில்லை. கீழ் நீதிமன்றத்தில் நடந்தது முழுவதும் அவர்களுக்குத் தெரிய வருவது ‘ரெக்கோட் ராயுவான்’ எனப்படும் மேல்முறையீட்டுப் பதிவேட்டின் வழியாகத்தான். ஆகவே பதிவேட்டில் இடம் சுட்ட முடியாத ஒரு வாக்கியம், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், நீதிபதிக்குப் பயன்படாது. இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும், நிகழ்வைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் பகுதி எண்ணையும் பக்க எண்ணையும் உடனுக்குடன் எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் ‘பிறகு’ விசாரணைக்கு முந்தைய இரவில்தான் வரும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். எந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு வந்திருக்கிறதோ அந்தத் தீர்ப்பின் காரணங்களை முதலில் படியுங்கள். அந்த நீதிபதி எதை நம்பினார், எதை ஏற்கவில்லை, எந்தக் காரணத்தின்மீது முடிவு நிற்கிறது என்பது அதில் இருக்கும். அடுத்து மேல்முறையீட்டு மனுக் குறிப்பைப் படித்தால், தோற்ற தரப்பு அந்தக் காரணங்களில் எவற்றை உண்மையில் எதிர்க்கிறது என்று தெரியும். பத்துக் காரணங்கள் எழுதப்பட்டிருந்தாலும் அவை பெரும்பாலும் இரண்டு மூன்று கேள்விகளாகச் சுருங்கிவிடும். அதன் பிறகு வழக்குரைகளையும், ‘நோத்தா கெத்தெராங்கான்’ எனப்படும் சாட்சியக் குறிப்புகளையும், ஆவணங்களையும் அந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். படிக்கும்போதே நாள்வரிசைப்படி ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் தயாரியுங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்டவற்றை ஒரு நிறத்திலும், சர்ச்சைக்குரியவற்றை வேறு நிறத்திலும் குறித்துக்கொண்டால், வழக்கு எங்கே நிற்கிறது என்பது தானாகவே வெளிப்படும்.

இரு தரப்பு வழக்கறிஞர்களின் எழுத்துவாதங்களைக் கடைசியில்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிலர் இதை ஏற்பதில்லை. நேரத்தை மிச்சப்படுத்த எழுத்துவாதத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். எழுத்துவாதம் தெளிவாகவும் வரிசையாகவும் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஒரு தரப்பை வெற்றி பெறச் செய்வதற்காக எழுதப்பட்டது; அதை முதலில் படித்தால், எந்தச் சாட்சியம் முக்கியம் என்பதை உங்களுக்கு முன்னே அவர்கள் தீர்மானித்துவிடுவார்கள். முக்கியமில்லை என்று இரு தரப்பும் விட்டுவிட்ட ஒரு கடிதத்திலோ குறுக்கு விசாரணையின் ஒரு பதிலிலோதான் சில வழக்குகளின் விடை இருக்கிறது. புதியவர் ஒருவர் நீதிபதிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதைக் கண்டெடுத்துக் கொடுப்பதே.

படிக்கும்போது இன்னொரு கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் தலையிடலாமா? சாட்சிகளை நேரில் பார்த்துக் கேட்டவர் விசாரணை நீதிபதி. நீங்களாக இருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்பது மட்டும் அவருடைய முடிவை மாற்றப் போதுமான காரணமாகாது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு கான் யூக் சின் வழக்கில் தெளிவுபடுத்தியபடி, அந்த முடிவு வெளிப்படையாகவே தவறானதா, சாட்சியங்கள் போதிய அளவு சீர்தூக்கிப் பார்க்கப்படவில்லையா என்பதே கேட்கப்பட வேண்டியது. புதியவர்களின் முதல் குறிப்புகள் திருத்தங்களோடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: வழக்கை முதன்முறையாகத் தாங்களே தீர்ப்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். உங்களுக்குத் திரும்பி வந்த குறிப்பை எடுத்து, அந்தத் திருத்தங்களில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். வழக்கறிஞர் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும்: மேற்கோள் உண்மையில் அந்தப் பத்தியில் இருக்கிறதா, அது பெரும்பான்மைத் தீர்ப்பா மாறுபட்ட தீர்ப்பா, முடிவுக்குத் தேவையான காரணமா போகிற போக்கில் சொல்லப்பட்டதா, பின்னால் வந்த நீதிமன்றம் அதை மாற்றியதா என்று. பினாங்குக்காரரான உங்களுக்குத் தஞ்சோங் பூங்கா நில வழக்கு நினைவிருக்கும். உரிமையாளரான தாய்லாந்துப் பெண்மணி பூன்சோம் பூன்யானிட்டின் பெயரில் வேறொருவர் போலியாகக் கையெழுத்திட்டு அட்டோர்னா நிறுவனத்துக்கு நிலத்தை விற்றுவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் நின்றது. கூட்டரசு நீதிமன்றமோ 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 340ஆம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவின் கீழ் உள்ள ஒரு விதிவிலக்கு, போலி ஆவணத்தின் மூலம் நிலத்தைப் பெற்றவரிடமிருந்து பின்னர் நல்லெண்ணத்தோடு வாங்குபவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. அதை இரண்டாம் உட்பிரிவுக்கும் நீட்டிப் படித்ததால், போலி ஆவணத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், குவாந்தான் நிலம் தொடர்பான டான் யிங் ஹோங் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் அந்த வாசிப்பு தவறு என்று அறிவித்து முந்தைய தீர்ப்பைப் புறந்தள்ளியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கீழ் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டிருந்தன. அக்காலத்தில் நிலம் இழந்தவர்களை நினைக்கும்போது என் மனம் இன்றும் பதறுகிறது. ஒரு விதிவிலக்கு எந்த உட்பிரிவோடு சேர்ந்தது என்று சட்டநூலைத் திறந்து பார்ப்பது சிறிய வேலை என்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு, சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை உண்மையென நம்பி மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அத்தகைய மேற்கோள் நம் நாட்டு எழுத்துவாதம் ஒன்றில் வந்தால், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள். நீதிபதியின் வரைவையோ வழக்கின் ஆவணங்களையோ அத்தகைய கருவியில் உள்ளிடுவது, நம்பி ஒப்படைக்கப்பட்டதை வெளியில் கொடுப்பதாகும்.

அதேபோல், பதிவேட்டில் இல்லாத நிகழ்வுகளை இணையத்தில் தேடிச் சேர்க்கவும் கூடாது. இரு தரப்பும் பார்த்துப் பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒன்று நீதிபதியின் மனத்தில் நுழைந்தால், இயற்கை நீதி அங்கேயே பழுதுபடும். தமிழ் தெரிந்த உங்களுக்கு இது தனிச் சோதனையாகவும் வரலாம்: தமிழில் பேசிய சாட்சியின் பதில் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பதிவாகியிருக்கும், அவர் வேறு ஏதோ சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். பதிவேடு சொல்வதைப் பதிவேடு சொல்வதாகவே எழுதுங்கள். தமிழ் ஆவணம் ஒன்றின் மொழிபெயர்ப்பில் உண்மையான பிழை தெரிந்தால், உங்கள் மொழிபெயர்ப்பைக் குறிப்புக்குள் நுழைக்காமல், நீதிபதியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரு தரப்பிடமும் அதை எழுப்புவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

குறிப்பை எழுதும் முறைக்கு ஒரே அளவுகோல் கிடையாது; ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆகவே அவர் முன்பு மெச்சிய இரண்டு மூன்று குறிப்புகளை உங்களுக்கு முன் இருந்தவரிடமோ செயலாளரிடமோ கேட்டு வாங்கிப் படியுங்கள். நீதிபதியின் செயலாளர், மொழிபெயர்ப்பாளர், பதிவக எழுத்தர்கள் ஆகியோருக்கு அந்த நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும்; மரியாதையோடு கேட்டால் மனம் திறந்து சொல்லித் தருவார்கள். நீதிபதியிடம் கேட்க வேண்டியதையும் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பொழுது முயன்றும் வழி தெரியாவிட்டால், இதுவரை பார்த்தது இன்னது, தடுமாறும் இடம் இன்னது என்று இரண்டு வரியில் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை எந்த நீதிபதியும் திறமையற்றவர் என்று எண்ணுவதில்லை. மூன்று நாள் தவறான திசையில் போனபின் வருபவரைப் பற்றித்தான் கவலைப்படுவார்.

நீங்கள் பரிந்துரைத்ததற்கு மாறாக அமர்வு தீர்ப்பளிக்கும் நாளும் வரும். அன்று மனம் சோராமல், விசாரணையில் நீதிபதிகள் கேட்ட கேள்விகளையும் உங்கள் குறிப்பையும் அருகருகே வைத்து, அவர்கள் கண்ட எதை நீங்கள் காணவில்லை என்று பாருங்கள். சில சமயம் நீங்கள் கண்டதை அவர்களும் கண்டு, வேறு எடை கொடுத்திருப்பார்கள். எடை போடும் பொறுப்பு அவர்களுடையது. பினாங்கில் நீங்கள் பயிற்சி பெற்ற அலுவலகத்தின் வழக்கு உங்கள் மேசைக்கு வந்தால், கோப்பைத் திறப்பதற்கு முன்பே நீதிபதியிடம் தெரிவித்துவிடுங்கள். வேகத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். ஒழுங்காகப் படித்துப் பழகியவருக்கு வேகம் சில மாதங்களில் வந்துசேரும். மேலோட்டமாகப் படித்து வேகம் பெற்றவர்கள் பிறகு நிதானத்தைக் கற்றுக்கொள்ளப் படும் பாடு பெரிது.

கேள்வி: அம்மா, என் மகள் சட்டம் படித்து முடித்து, நீதிபதி ஒருவரிடம் ஆய்வு அதிகாரியாக வேலை செய்கிறாள். ‘வக்கீலுக்குப் படித்துவிட்டுக் கிராணி வேலையா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அது போகட்டும். என் மைத்துனரின் நில வழக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டதற்கு, மாமாவிடம் முகம் கொடுத்தே பேசாமல் போய்விட்டாள். வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. இவ்வளவு கண்டிப்பு தேவையா?
— ஒரு தந்தை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஐயா, உங்கள் மகள் செய்தது முற்றிலும் சரி. அவரை மனமாரப் பாராட்டுங்கள். வழக்கின் தேதி போன்ற விவரத்தை உங்கள் மைத்துனரின் வழக்கறிஞரே மின்-பதிவு முறையில் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். அதே விவரத்தை நீதிமன்றத்துக்குள் இருக்கும் உறவுப் பெண் பார்த்துச் சொன்னால், எதிர்த்தரப்பு அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மைத்துனர் நேர்மையாகவே வெற்றி பெற்றாலும், அந்த வெற்றியின்மீது ஐயம் படிந்துவிடும். அந்த வழக்கு தன் உறவினருடையது என்பதை உங்கள் மகள் நீதிபதியிடம் தெரிவித்து ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும். அதற்கு வீட்டார் துணை நிற்க வேண்டும்.

வாய் திறக்காததற்கும் காரணம் உண்டு. அவர் அரசு ஊழியர். 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் அவருக்கும் பொருந்தும். அதற்கும் மேலாக, நீதிபதிகள் தமக்குள் தயங்கவும், விவாதிக்கவும், மனம் மாறவும் சுதந்திரம் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரைவு ஒன்று 2022 மே மாதத்தில் வெளியே கசிந்தபோது, அந்த நீதிமன்றத்துக்குள் நிலவிய நம்பிக்கை எவ்வளவு குலைந்தது என்பதை உலகமே பார்த்தது. வேலையைப் பற்றிப் பேசாவிட்டாலும் அவருக்குப் பேச ஆள் தேவை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, வார இறுதியில் வீட்டுக்கு வருகிறாயா என்று கேளுங்கள். ஆயிரம் பக்கங்களைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அதுவே போதும்.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 138ஆம் பிரிவு அமைக்கும் ஆணையத்தின் பொறுப்பில் உள்ள நீதித்துறை, சட்டத்துறைப் பணியில்தான் உங்கள் மகள் இருக்கிறார்; அதிலிருந்தே மாஜிஸ்திரேட்டுகளும், அமர்வு நீதிமன்ற நீதிபதிகளும், துணை அரசு வழக்கறிஞர்களும் வருகிறார்கள். 2019இல் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துன் தெங்கு மைமூன் அந்தப் பணியிலிருந்து உயர்ந்தவரே. நம் நாட்டில் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மலாயன் லா ஜர்னலை 1932இல் தொடங்கிய பஷீர் மல்லால், சட்டப் பட்டம் பெறாமல் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இன்றைய நீதிபதிகளும் அந்த இதழின் பக்கங்களை மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் உறவினர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சட்டப் படிப்பின் இறுதியாண்டு மாணவன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் உண்டு. நீதிமன்ற ஆய்வு அதிகாரியாக வேண்டும் என்பது என் ஆசை. இப்போதே எப்படித் தயாராவது?
— வாசகர், பிறை

பதில்: தம்பி, நமது நீதிமன்றங்களின் மொழி தேசிய மொழியான மலாய்; 1963/67ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தைப் பயன்படுத்த நீதிமன்றம் அனுமதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. மேல்முறையீட்டு நிலையில் தீர்ப்புகள் பல ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆக, இரண்டும் வேண்டும். இரண்டும் வெளியிலிருந்து கற்ற மொழிகளாக உள்ள ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாகப் படிக்கப் பழகியிருப்பார். இந்த வேலையில் அது நல்ல முதலீடு.

நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒன்றை எடுத்து, நிகழ்வுகள், கேள்வி, முடிவு, காரணம் ஆகிய நான்கையும் உங்கள் சொற்களில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒரு வாரம் ஆங்கிலத்தில், மறுவாரம் மலாயில். அலங்காரச் சொற்கள் வேண்டாம். சிறிய வாக்கியமாக இருந்தாலும், யார், யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்பது ஐயமின்றி இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள்.

பிறையிலிருந்து ஜார்ஜ்டவுன் தூரமில்லை. 1807ஆம் ஆண்டின் அரச சாசனம் பினாங்கில் அமைத்த நீதிமன்றத்திலிருந்தே நம் நாட்டின் உயர் நீதிமன்றங்களின் வரலாறு தொடங்குகிறது. இன்றைய பினாங்கு உயர் நீதிமன்றம் லைட் சாலையில் இருக்கிறது. நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மூடிய விசாரணையாக இல்லாவிட்டால் நீங்கள் உள்ளே போய் அமரலாம். விடுமுறையில் நான்கைந்து நாள் காலையிலேயே போங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, பின் வரிசையில் அமர்ந்து, ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை முழுவதுமாகக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் வரிசையாக எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும், அந்தப் பட்டியலிலிருந்து அவ்வழக்கின் கேள்வி என்னவென்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அதையே பேசுகிறார்களா என்று போய்க் கேளுங்கள்.